டீச்சரிடம் கேளுங்கள்: கடைசி பெஞ்சில் ஒரு டீச்சர்

ஆகஸ்ட் பிறந்தால் எனக்கு வரும் கடிதங்களின் வாடையே மாறிவிடும். மார்ச்சில் பரீட்சைப் பயம், ஏப்ரலில் அட்மிஷன் கவலை. ஆகஸ்ட் முழுக்க, பள்ளிகளில் பயிற்சிக்குப் போகும் பி.எட். பிள்ளைகள். கையில் ஃபைல், தோளில் சார்ட் சுருள், முகத்தில் தூக்கமின்மை. தில்லி மயூர் விஹார் மெட்ரோவில் காலை ஏழு மணிக்கு ஏறினால் பெட்டிக்கு இரண்டு பேராவது கண்ணில் படுவார்கள். இந்த மாதம் அவர்களுக்கும், அவர்களால் அவதிப்படுகிறவர்களுக்கும்.

டீச்சர், நான் பி.எட். இரண்டாம் ஆண்டு, கணிதம். ஒரு பள்ளியில் இன்டர்ன்ஷிப் தொடங்கி நான்கு வாரம் ஆயிற்று. யார் லீவு போட்டாலும் அந்த வகுப்புக்கு என்னை அனுப்புகிறார்கள். மீதி நேரம் நோட்டுத் திருத்துவதும் ரெஜிஸ்டரில் கோடு போடுவதும்தான். எனக்கு வழிகாட்ட ஒதுக்கிய மென்டர் டீச்சர், நான் பாடம் எடுக்கும்போது ஸ்டாஃப் ரூமில் இருக்கிறார். ஃபைலில் கையெழுத்து மட்டும் தவறாமல் போடுகிறார். இதில் நான் எதைக் கற்றுக்கொள்வது?
— வாசகி, லட்சுமி நகர்

கண்ணு, நீ மாட்டிக்கொண்டிருப்பதற்கு 'அரேஞ்ச்மென்ட்' என்று பெயர். தில்லியில் அசெம்பிளி முடிந்த கையோடு ஒரு சீட்டு சுற்றுக்கு வரும்: இன்றைக்கு யார் லீவு, அந்தப் பீரியடுக்கு யார் போவது என்று. அந்தச் சீட்டு வருவதைப் பார்த்துப் பாத்ரூம் பக்கம் ஒதுங்காத டீச்சர் எந்தப் பள்ளியிலும் இல்லை; நானும் ஒதுங்கியிருக்கிறேன். சம்பளம் இல்லாத ஆறு பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றால், சீட்டு எழுதுகிறவர் பேனா வேறு எங்கே போகும்? அவர்கள் செய்வது சரி என்று சொல்லவில்லை. ஆனால் அதில் உன்மேல் தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது.

நான் பி.எட். படித்தபோது படிப்பே ஒரு வருஷம்தான். ஒரு பாடத்துக்கு இருபது, இன்னொன்றுக்கு இருபது, மொத்தம் 40 வகுப்பு எடுத்தால் டீச்சர். அது போதாது என்று எல்லோருக்கும் தெரியும். உச்ச நீதிமன்றம் நீதியரசர் ஜே.எஸ். வர்மா தலைமையில் ஓர் ஆணையம் வைத்து, அது 2012-ல் அறிக்கை கொடுத்து, 2014-ல் ஆசிரியர் கல்விக்கான தேசியக் கவுன்சில் புது விதிகள் போட்டது. படிப்பு இரண்டு வருஷமானது. பள்ளியில் கழிக்க வேண்டியது 20 வாரம்: முதல் ஆண்டில் நான்கு, இரண்டாம் ஆண்டில் 16. காகிதத்தில் பார்த்தால் நாற்பது பாடம் எங்கே, இருபது வாரம் எங்கே! ஆனால் அந்த வாரங்களில் உன் பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பார் என்பதை எந்த விதியும் பிடித்து உட்கார வைக்க முடியாது.

உன் கணக்கைப் போட்டுக்கொள். 16-ல் நான்கு போய்விட்டது. தசரா, தீபாவளி லீவு. நவம்பரில் புகை வந்தால் பள்ளியை ஆன்லைன் ஆக்கிவிடுவார்கள், 2024-ல் அப்படித்தான் ஆயிற்று. ஆக, உருப்படியாக ஒன்பது பத்து வாரம் என்று வைத்துக்கொள்.

முதல் வேலை, மென்டரிடம் போய் "என் கிளாஸுக்கு வாங்க மேடம்" என்று கேட்காதே. அது அவருக்கு இன்னொரு வேலை. "உங்கள் கிளாஸில் நான் கடைசி பெஞ்சில் உட்காரலாமா?" என்று கேள். பாதிப் பேர் முதலில் தயங்குவார்கள். இருபது வருஷமாகக் கதவைச் சாத்திக்கொண்டு பாடம் எடுத்தவர்களுக்கு இன்னொரு பெரியவர் கண் உள்ளே வருவது கூச்சம்தான். விடாமல் கேள். உட்கார்ந்தபின் டீச்சர் சொன்னதை எழுதாதே, அது புத்தகத்திலேயே இருக்கிறது. ஐந்து பிள்ளைகளைப் பொறுக்கிக்கொண்டு, அவர்கள் என்ன சொன்னார்கள், எதை அழித்து எழுதினார்கள், எப்போது ஜன்னல் பக்கம் திரும்பினார்கள் என்று எழுது.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு பஞ்சாபி பெஹன்ஜி, அங்கே மூத்த டீச்சரை 'அக்கா' என்கிற மாதிரி அப்படித்தான் கூப்பிடுவோம். 1984, ஜமுனா பார், அதாவது யமுனைக்கு அக்கரை, கூடாரப் பள்ளி. தார்ப்பாயிலான தம்பூ, கீழே தரி விரிப்பு, வெயில் ஏறினால் உள்ளே அடுப்பு. பிரிவினையின்போது லாகூரிலிருந்து கைக்குழந்தையாக வந்தவர் பெஹன்ஜி. ஆறாம் வகுப்பில் நான் பின்னக் கூட்டல் எடுத்தேன். அரையும் மூன்றில் ஒன்றும் எவ்வளவு? ஒரு பையன் எழுந்துபோய் போர்டில் 2/5 என்று எழுதினான். "தப்பு, உட்கார்" என்று சொல்லிவிட்டு மீச்சிறு பொது மடங்கு எடுத்து 5/6 என்று முடித்தேன். எல்லோரும் அழகாக எழுதிக்கொண்டார்கள். எனக்குப் பெருமை.

டீ குடிக்கும்போது பெஹன்ஜி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அந்தப் பையனுக்கு இரண்டின் கீழ் ஐந்து எங்கிருந்து வந்தது?" மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டான் என்றேன். "அது உன் பதில். அவன் பதில் என்ன?"

மறுநாள் அவனையே கேட்டேன். கபில்தேவ் கோப்பை வாங்கி ஒரு வருஷம் ஆகியிருந்த சமயம். எல்லாப் பையன்களுக்கும் தலைக்குள் கிரிக்கெட்தான். "இரண்டு பந்தில் ஒன்றை அடித்தேன் மேடம். அப்புறம் மூன்று பந்தில் ஒன்றை அடித்தேன். மொத்தம் ஐந்து பந்தில் இரண்டு." நான் வாயடைத்துப் போனேன். அவன் கிரிக்கெட்டுக்கு அந்தக் கணக்கு சரி! பின்னால் நின்ற பெஹன்ஜி மெதுவாக அவனிடம் கேட்டார்: "நீ அரை ரொட்டி சாப்பிட்டாய். மேலே இன்னும் கொஞ்சம் சாப்பிட்டாய். இப்போது நீ சாப்பிட்டது அரை ரொட்டியைவிடக் கம்மியா?" பையன் போர்டைப் பார்த்தான். ஐந்தில் இரண்டு அரையைவிடச் சிறியது. அவனே போய் அழித்தான். நான் மீச்சிறு பொது மடங்கால் செய்யாததை ஒரு ரொட்டி செய்தது.

சரி, அரேஞ்ச்மென்ட் பீரியடுக்கு வருவோம். அதையும் விடாதே. எந்த வகுப்புக்குத் தள்ளினாலும் எடுத்துவிட ஒரு கேள்வியைக் கைவசம் வைத்திரு. "0.5 பெரிதா, 0.35 பெரிதா?" என்று போர்டில் எழுதிக் கையைத் தூக்கச் சொல். பத்து நிமிஷம் நீ பதில் சொல்லாதே, அவர்களை அடித்துக்கொள்ள விடு. முப்பத்தைந்து ஐந்தைவிடப் பெரிது என்று எத்தனை கைகள் எழும்பும் என்று பார். அந்த எண்ணிக்கையை எழுதிக்கொண்டு மென்டரிடம் போ. லெசன் பிளானில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடுகிறவர்கூட, "உங்கள் ஏழாம் வகுப்பில் இத்தனை பேர் இப்படிச் சொன்னார்கள்" என்றால் நிமிர்ந்து பார்ப்பார். பேச்சு அங்கே தொடங்கும்.

இதற்கும் அசையவில்லை என்றால் கல்லூரி சூப்பர்வைசரிடம் சொல், வாயால் அல்ல, எந்தத் தேதியில் எத்தனை அரேஞ்ச்மென்ட் என்று எழுதி.

மைக்ரோ டீச்சிங் எதற்கு? தோழிகளையே பிள்ளைகளாக உட்கார வைத்து நடத்துவது நாடகம் போல இருக்கிறதே?
— வாசகர், ஜனக்புரி

நாடகம்தான். ஆறு நிமிஷம் பாடம், ஆறு நிமிஷம் விமர்சனம், பன்னிரண்டு நிமிஷம் மாற்றி எழுதுவது, மறுபடி ஆறு பாடம், ஆறு விமர்சனம்; 36 நிமிஷத்தில் ஒரு சுற்று. 1960-களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பிறந்தது. போர்டில் நேராக எழுத, குரலை ஏற்றி இறக்க, கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க, இவற்றுக்கு நல்லது. வகுப்பில் ஒருவன் வாந்தி எடுத்தால் என்ன செய்வது என்பது அதில் வராது. நீச்சலுக்கு முன் கரையில் கைகாலை உதறிக்கொள்வது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் 23 வருஷமாக ஆசிரியை. இந்த ஆண்டு இரண்டு பயிற்சி ஆசிரியைகளை என் தலையில் கட்டிவிட்டார்கள். எனக்கு ஒரு பீரியடும் குறைக்கவில்லை, ஒரு ரூபாயும் கூட்டவில்லை. பவர்பாயின்ட் எல்லாம் அவர்களுக்கு என்னைவிட நன்றாக வருகிறது. நான் எதற்கு?
— பெயர் வேண்டாம், ஆர்.கே.புரம்

உங்கள் கோபம் நியாயமானது, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். வழிகாட்டுவது வேலை என்றால் அதற்கு நேரம் ஒதுக்க வேண்டும். மேலிடத்தில் இதை யாரும் யோசிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2016-ல் தில்லி அரசு தன் ஆசிரியர்களிலேயே 200 பேரை மென்டர் டீச்சர்களாகத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கு ஐந்தாறு பள்ளிகளைக் கொடுத்தது. ஆனால் பி.எட். பிள்ளைகள் வந்து நிற்கும் பள்ளியில், உங்களைப் போன்றவருக்குக் கிடைப்பது ஒரு படிவமும் ஒரு நன்றிக் கடிதமும்தான். தலைமை ஆசிரியரிடம் வாரத்துக்கு இரண்டு பீரியட் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். அந்த இரண்டு பயிற்சி ஆசிரியைகள்தான் எத்தனையோ அரேஞ்ச்மென்டைச் சுமக்கிறார்களே, அதைச் சொல்லியே கேளுங்கள்.

'நான் எதற்கு' என்கிறீர்களே, அதற்கு என் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். நானும் மென்டராக இருந்திருக்கிறேன். ஒரு பெண் வந்தாள், மதுரைப் பக்கம், கெட்டிக்காரி. எட்டாம் வகுப்புக்கு இயற்கணிதம் எடுத்துக்கொண்டிருந்தாள். சமன்பாட்டில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும்போது குறியை மாற்ற மறந்துவிட்டாள். நான் பின்னாலிருந்து எழுந்து, நேராகப் போய், அவள் கையிலிருந்து சாக்பீஸை வாங்கி, திருத்தி, மீதிப் பாடத்தையும் நானே முடித்தேன். பிள்ளைகளுக்குத் தப்பாகப் போகக் கூடாதே என்ற எண்ணம்தான். அந்த வகுப்பு அதற்கப்புறம் அவள் பேச்சைக் கேட்கவே இல்லை. அவள் ஏதாவது சொன்னால் நாற்பது தலையும் என் பக்கம் திரும்பும், சரிதானா என்று. மீதி ஏழு வாரமும் அப்படியே ஓடிற்று. போகும்போது எனக்குக் கைக்குட்டை பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். இப்போதும் அந்தப் பெட்டியைப் பிரிக்கவில்லை.

அந்தக் குறிப்பிழையை முன்வரிசைப் பிள்ளை ஒன்று இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்திருக்கும். அப்போது அவள் என்ன செய்கிறாள் என்று பார்ப்பதற்குத்தான் நான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

பவர்பாயின்டில் அவர்கள் கெட்டிக்காரிகளாக இருக்கட்டும். ஒரு வகுப்பு எப்போது புரிந்த மாதிரி நடிக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். அந்த மௌனத்தின் சத்தம் 23 வருஷம் கேட்டவர் காதில்தான் விழும். வாரத்துக்கு இரண்டு முறை, பதினைந்து நிமிஷம் போதும். வகுப்பு முடிந்ததும் முதலில் அவளைப் பேச விடுங்கள்: எங்கே கை நழுவியது என்று அவளுக்கே தெரிந்திருக்கும். அப்புறம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். பத்துக் குறைகளைப் பட்டியல் போட்டால் அழுகைதான் மிஞ்சும். உங்கள் பாடம் சொதப்பும் நாளிலும் அவர்களைப் பின்னால் உட்கார வையுங்கள். அதுதான் கஷ்டம், எனக்கும் கடைசி வரை கஷ்டமாகவே இருந்தது.

ஒரு பழைய கதையும் ஞாபகம் வருகிறது. நம் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை இருப்பான், சின்னப் பிள்ளைகளுக்கு அவன்தான் பாதி வாத்தியார். 1790-களுக்குச் சற்று முன் சென்னை எழும்பூரில் அனாதைச் சிறுவர் விடுதியைப் பார்த்துக்கொண்ட ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் பள்ளி ஆசிரியர்கள் அதைச் செய்ய மாட்டேன் என்று முரண்டு பிடிக்க, மாணவன் ஒருவனையே சின்னவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 1797-ல் அதை லண்டனில் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்தில் அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர். மாட்டேன் என்று முரண்டு பிடித்த அந்த ஆசிரியர்களுக்கும் அன்றைக்கு யாரும் பீரியட் குறைத்திருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்!

கும்பகோணத்தில் பட்டம் முடித்து, கல்யாணமாகி தில்லி வந்து பி.எட். சேர்ந்தேன். ஹிந்தி மீடியம் வகுப்பில் 'மேரா கிதாப்' என்று சொல்லிவிட்டேன். வகுப்பே சிரித்தது. இப்போது வாயைத் திறக்கவே பயம்.
— வாசகி, கரோல் பாக்

கிதாப் பெண்பால், 'மேரி' வர வேண்டும். புத்தகம் எப்படிப் பெண்ணாக இருக்கும் என்று நம் மூளை கேட்கிறது. அதில் ஒரு தப்பும் இல்லை. தயிர் ஆணா பெண்ணா என்று தில்லிக்காரர்களே இன்னும் சண்டை போடுகிறார்கள். புளித்த தயிரை ஆண்பாலில் 'கட்டா' என்பார் ஒருவர், பெண்பாலில் 'கட்டி' என்பார் இன்னொருவர்.

நான் செய்ததைச் சொல்கிறேன். முதல் நாளே பிள்ளைகளிடம் ஒப்பந்தம்: "நான் உங்களுக்குக் கணக்கு, நீங்கள் எனக்கு ஹிந்தி." மூன்றாவது வரிசையில் வாயாடி ஒருத்தி இருந்தாள், அவளைச் சட்டாம்பிள்ளை ஆக்கினேன். நான் தப்புச் செய்தால் கை தூக்கலாம், பீரியடுக்கு மூன்று முறை மட்டும். சிரிப்பு போய் உத்தியோகம் ஆகிவிட்டது. அவள் கணக்கிலும் கவனிக்க ஆரம்பித்தாள், என் தப்பைப் பிடிக்க வேண்டுமே!

பாட வார்த்தைகளுக்குப் பயப்பட வேண்டாம், பாதி நம் வீட்டு வார்த்தைகள். பின்னம் அங்கே 'பின்ன்', கோணம் 'கோண்', கணிதம் 'கணித்', ரேகை 'ரேகா'. தடுமாறுவது 'உட்கார், எடு, எழுது, அழி' போன்ற வகுப்பறை வார்த்தைகளில்தான். ஒரு ஐம்பதை எழுதி, உங்கள் மென்டரிடம் படித்துக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். மென்டரோடு பேச அதுவும் ஒரு சாக்கு.

என் மகனுக்கு மூன்று மாதமாகப் பயிற்சி ஆசிரியைதான் பாடம் எடுக்கிறார். எங்கள் பிள்ளைகள் என்ன பரிசோதனை எலிகளா?
— ஒரு தந்தை, துவாரகா

வகுப்பின் பொறுப்பு எப்போதும் நிரந்தர ஆசிரியருடையது. அவர் வகுப்பில் இருக்கிறாரா என்று கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு. பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். அவர் இருந்தால் உங்கள் பையனுக்கு லாபம், ஒரு வகுப்பில் இரண்டு டீச்சர். அவர் வருவதே இல்லை என்றால் உங்கள் கோபம் அந்தப் பயிற்சிப் பெண்ணிடம் போக வேண்டாம். அவளும் அதே கோபத்தோடுதான் எனக்கு எழுதியிருக்கிறாள், முதல் கடிதத்தைப் பாருங்கள்.

மகள் பிளஸ் டூ. சின்னக் குழந்தைகளுக்கு டீச்சராக ஆசை. டிகிரி முடித்து பி.எட். போகட்டுமா, இந்த நான்கு வருஷப் படிப்பா?
— ஒரு தாய், மயூர் விஹார்

சின்னக் குழந்தைகள் என்றால் பி.எட். வழி வேண்டாம். 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்க பி.எட். தகுதி ஆகாது. அதற்கு டி.எல்.எட். போன்ற தொடக்கக் கல்விப் படிப்பு வேண்டும். டிகிரியும் ஆசிரியர் பயிற்சியும் சேர்ந்த அந்த நான்கு வருஷ ஒருங்கிணைந்த படிப்பு என்றால், எந்த வயதுப் பிள்ளைகளுக்கான பிரிவு என்று பார்த்துச் சேருங்கள். சேரும்போதே அது பிரிந்துவிடும். நுழைவுத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். நான்கு வருஷம் என்பது புதுமை என்று நினைக்காதீர்கள், மைசூர் மண்டலக் கல்வியியல் கல்லூரி 1963-ல் தொடங்கிய காலத்திலேயே அந்தப் பாணியைப் பார்த்தது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பி.எல்.எட். என்ற நான்கு வருஷத் தொடக்கக் கல்விப் படிப்பு 1994-ல் தொடங்கியது. அதைப் படித்த பெண்கள் சிலர் என்னோடு வேலை பார்த்தார்கள், வகுப்புக்குள் முதல் நாள் நுழையும்போதே கால் நடுங்காது.

எப்படிப் போனாலும் சி.டெட். என்ற மத்திய ஆசிரியர் தகுதித் தேர்வை எழுத வேண்டும். ஐந்தாம் வகுப்பு வரை என்றால் முதல் தாள், 150 கேள்விக்கு 90 எடுத்தால் தேர்ச்சி. கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள். "உங்கள் பிள்ளைகள் இன்டர்ன்ஷிப்புக்கு எந்தப் பள்ளிக்குப் போகிறார்கள், உங்கள் பேராசிரியர் மாதத்தில் எத்தனை முறை அங்கே போகிறார்?" என்று கேளுங்கள். பதில் சொல்ல யோசித்தால் அடுத்த கல்லூரி.

திங்கட்கிழமை என் முதல் வகுப்பு. ஒரே ஒரு டிப்ஸ்?
— வாசகி, முனிர்கா

சாக்பீஸ் உன் பையிலிருந்தே கொண்டுபோ, அங்கே இருக்காது. டஸ்டரும். கைக்கடிகாரம் கட்டிக்கொள், மணி பார்க்க செல்போனை எடுத்தால் பிள்ளைகள் கண் அதிலேயே போகும். சத்தம் போடாத செருப்பு. காலையில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போ, முதல் நாள் இடைவேளையில் உன்னைச் சுற்றி நாற்பது பேர் நின்று பெயர், ஊர், கல்யாணம் ஆயிற்றா என்று கேட்பார்கள். டிபன் டப்பாவைத் திறக்க நேரம் இருக்காது.